தோல் துரையும் பதினோரு சட்டைகளும்

பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மென்ட் பகுதியில், அந்தக் காலத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான் இருந்தார்கள். பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைத் தெருவில் எறிகிறவர்கள் ஒரு வகை. எறிந்த தோலைப் பார்த்து, "அடப்பாவிங்களா, ஒரு பொடவைய தூக்கி தெருவுல போட்டுட்டீங்களே!" என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் மொத்தமே ஒரு ஆள்தான். அவர் தோல் துரை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. யுத்த காலத்தில் ரேஷன் கார்டு எழுத வந்த குமாஸ்தா "பேர் என்ன?" என்று கேட்டதும் எங்கள் தெருவே சேர்ந்து "தோல் துரை" என்று கத்தியது. அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். துரை கார்டை வாங்கி எட்டத்தில் பிடித்துப் பார்த்து, "கையெழுத்து ஃபஸ்ட் கிளாஸ்" என்று பாராட்டினார். அத்தோடு சரி.

எங்கள் மர்பி டவுனில் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வரிசைக்கு ஒரு லைன் என்று பெயர். நானும் துரையும் மூன்றாவது லைன். காலையில் அவர் வீட்டை விட்டுக் கிளம்பும் காட்சியைப் பார்க்க வேண்டும். எந்தக் காலத்திலோ எந்த வெள்ளைக்காரனோ கழற்றிப் போட்ட கறுப்புக் கோட்டு, அதில் எட்டுப் பைகள். வலது மேல்பை வெங்காயச் சருகுக்கு. இடது மேல்பை மாதுளந்தோலுக்கு. கீழே ஒன்றில் சாமந்தி, ஒன்றில் தேங்காய் மட்டை நார், ஒன்றில் தச்சுப் பட்டறையில் வாரிய பலாமரத்தூள். திரும்பி வரும்போது ஆள் இரண்டு மடங்கு பருத்திருப்பார். இவற்றையெல்லாம் கொல்லையில் இருக்கும் தாமிர அண்டாவில் போட்டு வேகவைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றுவதுதான் அவர் தொழில்.

நிறங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் தனி. கல்யாண வீட்டுச் சமையல்காரரிடம் கெஞ்சி வாங்கிய வெங்காயச் சருகில் வரும் தங்க நிறம் 'பிரியாணிக் கலர்'. மாதுளை நோயாளிகள் சாப்பிடும் பழம் என்பதால் அந்தத் தோலில் வருவது 'ஆஸ்பத்திரி மஞ்சள்'. பாக்கு வேகவைத்து மிஞ்சிய தண்ணீரில் வரும் செம்மண் நிறத்துக்கு 'தாம்பூலம்' என்று பெயர். எந்தச் சாவு வீட்டுக்கும் துரை தவறாமல் போவார். உண்மையாகவே தேம்பித் தேம்பி அழுவார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்காரரைத் தனியே அழைத்து, "அந்த சாமந்தி மாலையெல்லாம் சும்னே காஞ்சிதான் போகும், இல்லீங்களா?" என்பார். அந்தப் பூவில் வரும் நிறத்துக்கு 'பெரியவர்' என்று பெயர் வைத்திருந்தார். மரியாதை தெரிந்த மனுஷன்.

அவர் மனைவியை நாங்கள் துரைசானி என்று கூப்பிடுவோம். அந்த அம்மாள் ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "எல்லார் வூட்டு ஆம்பளையும் பழத்த உள்ள எடுத்துனு வந்து தோல வெளிய போடுவாங்க. எங்க வூட்ல தோலு உள்ள வந்துடும். பழத்த எந்தப் புண்ணியவான் தின்னானோ!"

துரை இந்தத் தொழிலுக்கு வந்த கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஒரு பங்களாவில் பட்லராக இருந்தார். ஒரு பெரிய விருந்து நாளில், வெள்ளை வெளேரென்ற மேஜைத்துணி மேல் மாதுளம்பழத்தை வைத்து இரும்புக் கத்தியால் நறுக்கிவிட்டார். தோலின் சாறும் கத்தியும் சேர்ந்து பட்ட இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாகக் கறை விழுந்தது. நாலு முறை வெள்ளாவி வைத்தும் போகவில்லை. துணியிலிருந்து கறையை அனுப்ப முடியாத மேம்சாகிப், பங்களாவிலிருந்து பட்லரை அனுப்பிவிட்டாள். போகும்போது அந்தத் துணியையும் அவர் மேலேயே வீசினாள்.

"ஒரு நாள் பூரா அழுதேன் தம்பி," என்பார் துரை. "மறுநா காலைல ஒரு யோசன வந்துச்சு. போ போன்னு வெரட்டியே போவாத சரக்கு இது. இத வா வான்னு மரியாதையா கூப்ட்டா எப்டி வரும்!"

கூப்பிட்டார். வந்தது. அந்த மேஜைத்துணியை டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பதக்கம் காட்டுகிற மாதிரி கறையைக் காட்டுவார். ஆனால் இரும்பை மட்டும் அவர் மன்னிக்கவில்லை. "தோலு நல்லது. கத்திதான் சதி பண்ணிச்சு," என்பார். கொல்லைக்குள் இரும்பு வரக்கூடாது. சாவிக்கொத்தை வெளியே வைக்க வேண்டும். பெண்கள் கொண்டை ஊசியைக் கழற்ற வேண்டும். என் சைக்கிளை இருபது அடி தள்ளி நிறுத்த வேண்டும். ஆணி அடித்த பூட்ஸோடு வந்த ஒரு சிப்பாயை வாசலிலேயே நிறுத்தி, வெறுங்காலோடுதான் உள்ளே விட்டார். இரும்பு என்றால் பேய்க்கு ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே துரை அண்டாவுக்குள் ஒரு பேயை வைத்து வளர்க்கிறார் என்று ஐந்தாவது லைன்காரர்கள் பேசிக்கொண்டார்கள். துரை மறுக்கவில்லை. அதனால் அண்டாவை யாரும் திருடவில்லை.

ஐந்தாவது லைன் என்றதும் லாண்டரி லாசரைச் சொல்லாமல் போக முடியாது. அவர் ஜெர்மன் பாக்கெட் சாயத்தின் பரம பக்தர். அவர் கடைச் சாக்கடை தினம் ஒரு நிறத்தில் ஓடும். திங்கட்கிழமை நீலம், செவ்வாய்க்கிழமை பச்சை. அதில் குடியிருந்த தவளைகள் பேஜாராகி எங்கள் லைனுக்கு மாறி வந்துவிட்டன என்பது என் சொந்த அபிப்பிராயம். துரையின் மிச்சத் தண்ணீர் வாழைக்குப் போகும். வெந்த சக்கை பூசணிக்கொடிக்குப் போகும். பூசணிக்காயைத் தின்றுவிட்டு அதன் தோலையும் அண்டாவில் போட்டுப் பார்ப்பார். அதில் மட்டும் ஒரு நிறமும் வரவில்லை. அந்தக் குறை அவருக்குக் கடைசி வரை இருந்தது.

ஜெர்மன்காரனோடு யுத்தம் வந்தது. பாக்கெட் சாயம் கடைகளில் காணாமல் போயிற்று. லாசர் ஒரே ஒரு டப்பா சிவப்பை மட்டும் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார். இந்தச் சமயத்தில்தான் எங்கள் மூன்றாவது லைன் கால்பந்து அணி, சரித்திரத்திலேயே முதல் தடவையாக, மழைக்காலக் கோப்பையில் ஃபைனல் வரை வந்து தொலைத்தது.

நான் அணியின் செகரட்டரி. பந்து என் காலில் பட்டால் எங்கள் கோலுக்குள்தான் போகும் என்பதைப் பையன்கள் சீக்கிரமே கண்டுபிடித்து எனக்கு அந்தப் பதவியைக் கொடுத்திருந்தார்கள். ஃபைனலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. ஃபைனலில் ஆடும் பதினோரு பேரும் ஒரே மாதிரி நிறச் சட்டை போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடாமலே தோற்றதாகக் கணக்கு. எங்களிடம் இருந்தது பழைய பெட்ஷீட்டைக் கிழித்துத் தைத்த பதினோரு சட்டைகள். பதினொன்றும் பதினோரு விதமான அழுக்கு வெள்ளை. எதிரணி ஐந்தாவது லைன். அவர்களுக்கு லாசரின் சிவப்பு டப்பா இருந்தது.

கேப்டன் முனிசாமி என்னைப் பார்த்தான். நான் துரையின் கொல்லையைப் பார்த்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் துரை கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பட்லர் மாதிரி விறைப்பாக நின்றார். "வெரி குட் சார். ஆஸ்பத்திரி மஞ்சள். பதினோரு சட்டைக்கு ரெண்டு மூட்ட தோல் வேணும். எடுத்துனு வாங்க."

அதற்குள் செய்தி ஐந்தாவது லைனுக்குப் போய்விட்டது. சாயங்காலமே லாசர் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வந்து நின்றார்.

"சாவி! சாவி!" என்று அலறினார் துரை.

"என் சாவி கெடக்கட்டும். ஏம்பா துரை, குப்பத்தோல்ல கலர் போட்டு பசங்கள கிரவுண்டுல எறக்கப் போறியாமே? ஹாஃப் டைமுக்குள்ள வேர்வைலயே கரைஞ்சு ஓடும். பந்தயம் கட்றியா?"

"என்ன பந்தயம்?"

"கரைஞ்சா உன் அண்டா எனக்கு. லாண்டரில வெந்நீ காய வெக்க தோதா இருக்கும்."

"கரையலன்னா?"

"கரையலன்னா நானே இந்தக் கொல்லைல வந்து நின்னு, என் துணிக்கும் கலர் போட்டு குடுங்க சார்னு உன்ன கேக்கறேன்."

துரையிடம் சொத்து என்று இருந்தது அந்த ஒரு அண்டாதான். அது போனால் தொழிலே கதம். துரைசானி கதவோரம் நின்று வேண்டாம் வேண்டாமென்று கை ஆட்டினாள். துரை அவளைப் பார்க்கவில்லை. "சரி," என்றார்.

அந்த வாரம் எங்கள் அணி பந்தைத் தொடவில்லை. பதினோரு பேரும் ஆஸ்பத்திரி வார்டுகளில் இருந்தார்கள். "அண்ணே, பழம் சாப்ட்டாச்சா? இன்னொன்னு சாப்டுங்கண்ணே, ரத்தம் ஊறும்," என்று கட்டில் கட்டிலாக உபசரித்தார்கள். நோயாளிகளின் சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு அக்கறை காட்டியிருக்க மாட்டார்கள். பழம் தின்றே பாதி வார்டு குணமாகி வீட்டுக்குப் போயிற்று. டாக்டர்கள் மருந்தினால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாயம் பிடிப்பதற்காகச் சட்டைகளைப் படிகாரத் தண்ணீரில் ஊறப்போட்டு, தோலோடு வேகவைத்து, ஆறவைத்து, மறுபடி வேகவைத்தார் துரை. அண்டாவில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பு போதுமா என்று பார்க்கிற மாதிரியே இருக்கும். ஃபைனல் அன்று காலையில் ஈரத்தோடு பதினோரு சட்டைகளையும் என் கையில் கொடுத்தார். கண்ணைப் பறிக்கிற மஞ்சள்.

"செகரட்ரி சார், நெழல்ல காயணும். கயித்துல போடணும். இரும்பு மட்டும் கிட்ட வரக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது துரையண்ணே."

எங்கள் லைனில் இருந்த கயிறு முழுவதும் அன்றைக்குப் பார்த்து யார் யாருடைய துணியோ காய்ந்தது. அதோடு எங்கள் தெருவில் ஒரு மாடு உண்டு. முனிசாமியின் அரைக்கால் சட்டையை முழுசாகத் தின்று ஏப்பம் விட்ட மாடு அது. நான் புத்திசாலித்தனமாக யோசித்தேன். பக்கத்தில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெரிய மரங்கள், நல்ல நிழல், மாடு வராது. அதன் முன்பக்கம் நெட்டுக்குத்தாகக் கம்பிகள் நிறுத்திய நீளமான வேலி. பதினோரு சட்டைகளையும் வேலி மேல் வரிசையாக விரித்து, கைகளை இழுத்துக் கட்டிவிட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டு சாப்பிடப் போனேன். சைக்கிளை மட்டும் மறக்காமல் இருபது அடி தள்ளி நிறுத்தினேன். அந்த வேலி இரும்பு என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை. வேலி என்றால் வேலி, அவ்வளவுதான் என் அறிவு. மழையில் நனைந்து நனைந்து துருவேறி, பெயிண்ட் எல்லாம் உதிர்ந்த அசல் இரும்பு வேலி அது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். கம்பி பட்ட இடமெல்லாம் கறுத்திருந்தது. ஒவ்வொரு சட்டையிலும், ஈரத்தில் ஊறி முன்னும் பின்னும், மேலிருந்து கீழாக விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடுகள். அல்சூர் ஏரி எவ்வளவு ஆழம் இருக்கும் என்று யோசித்தேன். பின்னாலேயே வந்த முனிசாமி பார்த்துவிட்டு, "டேய், ஜெயில்லேருந்து தப்பிச்சா மாதிரி இருக்குடா! உன்ன இங்கயே குழி தோண்டி வெச்சிடவா? எடமும் தோதா இருக்கு!" என்று என் காலரைப் பிடித்தான்.

சட்டைகளைச் சுருட்டிக்கொண்டு துரையிடம் போனோம். அவர் ஒரு சட்டையை விரித்தார். கோடுகளைத் தடவினார். மோந்தார். நாக்கால் தொட்டார்.

"எங்க காயப் போட்ட?"

"கல்லறைத் தோட்டத்து கம்பி வேலிலண்ணே."

துரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்டா போயிற்று, மனுஷன் மூச்சும் போயிற்று என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த மேஜைத்துணியைக் கொண்டு வந்தார். பழைய கறையை எடுத்துச் சட்டையின் புதுக் கோடுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கறுப்பு.

"இருவது வருஷம் தம்பி," என்றார். "என் வேலைய தின்ன கருப்புன்னு இத அண்டா பக்கமே வர விடாம இருந்தேன். இப்ப பாரு, பதினோரு சட்டைல அணிவகுத்து நிக்குது!" அப்புறம் விரல் விட்டுக் கோடுகளை எண்ணினார். முன்னால் ஏழு, முதுகில் ஏழு. அடுத்த சட்டையிலும் ஏழு. பதினொன்றிலும் ஏழே ஏழு, சம இடைவெளியில். வேலி செய்த கொல்லன் அளவு தவறவில்லை. "எந்த டெய்லரால முடியும் இது? டேய் முனிசாமி, போட்டுனு வாடா!"

மைதானத்தில் நாங்கள் இறங்கியதும் கூட்டம் 'ஓ' என்றது. ராணுவத்தில் இருந்து ரிடையரான ரெஃபரி, சந்தேகத்தோடு ஒவ்வொரு முதுகிலும் கோடுகளை எண்ணிவிட்டு, பதினோரு சட்டையும் ஒரே மாதிரிதான் என்று ஒப்புக்கொண்டார். எதிரே லாசரின் ஆட்கள் ரத்தச் சிவப்பில் ஜொலித்தார்கள். லாசர் மைதானத்து எல்லைக்கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் சட்டைகளைப் பார்த்த பார்வையில் அண்டா ஏற்கெனவே அவர் அடுப்பில் ஏறியிருந்தது.

இருபதாவது நிமிஷம் மழை கொட்டியது.

துரை குடையில்லாமல் கோட்டோரமாகவே நின்று எங்கள் பதினோரு பேரின் முதுகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் அவர் பந்தைப் பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் மஞ்சள் அசையவில்லை. கறுப்பு அசையவில்லை. ஆனால் எதிரே சிவப்பு கிளம்பிவிட்டது. முதலில் அவர்கள் நிக்கர் ரோஜா நிறமானது. பிறகு காலுறை. பிறகு பந்து. அவர்கள் முன்னணி ஆட்டக்காரன் கோல் போட்ட சந்தோஷத்தில் கட்டிப்பிடித்ததில் ரெஃபரியின் வெள்ளைச் சட்டையும் ரோஜா. ஹாஃப் டைம் விசில் அடித்தபோது ஓடி ஓடி ஆடியவர்கள் வெள்ளையாகியிருந்தார்கள். பாதி ஓடியவர்கள் ரோஜாவாகியிருந்தார்கள். அசையாமல் நின்ற கோல்கீப்பர் மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருந்தான். கோல் கணக்கு ஒன்றுக்கு ஒன்று.

முனிசாமிதான் விஷயத்தை முதலில் பிடித்தான். "டேய் செகரட்ரி! ரூல் என்னடா? பதினோரு பேரும் ஒரே கலர்! அவனுங்கள பாரு, எல்லாம் வேற வேற கலர்! புரொட்டெஸ்ட் எழுதுடா, கப்பு நம்பளுது!"

ரெஃபரியும் கமிட்டிக்காரர்களும் என்னைக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்தால் ஐந்தாவது லைனை வெளியே அனுப்பியாக வேண்டும் என்றார்கள். எங்கள் லைனுக்கு முதல் கோப்பை. நான் காகிதத்தை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தேன். அப்போது அந்தக் கறுப்புக் கோட்டு மைதானத்துக்குள் நடந்து வந்தது. எட்டுப் பையிலிருந்தும் தண்ணீர் சொட்ட, துரை குனிந்து காகிதத்தின் மேல் கையை வைத்தார்.

"வேணாம் தம்பி."

"துரையண்ணே, இது ஃபைனல்!" என்று கத்தினான் முனிசாமி.

"ஃபைனல்தான். ஆடி வாங்கு. துணிக்கு வந்த கேடுக்காக ஆள வெளிய அனுப்பக் கூடாது. அது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

லாசர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டது. நான் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். கடைசி நிமிஷத்தில், எங்கள் கோல்கீப்பர் பந்து வந்த பக்கத்தை விட்டு மற்றப் பக்கம் அழகாகப் பாய்ந்தான். கோப்பை ஐந்தாவது லைனுக்குப் போயிற்று. ஆனால் முனிசாமி சட்டையைக் கழற்றி, மொத்தக் கூட்டத்துக்கும் முன்னால் முறுக்கிப் பிழிந்தான். விழுந்தது வெறும் மழைத்தண்ணீர். அப்போது கிளம்பிய கைதட்டலைக் கோப்பை வாங்கியவர்களுக்குக்கூடக் கொடுக்கவில்லை. மழையில் மஞ்சளும் கறுப்புமாக நாங்கள் நடந்து திரும்பியபோது தெரு இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. தோற்றுவிட்டு அவ்வளவு நெஞ்சு நிமிர்த்தி நடந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் காலையில் நான் துரையின் கொல்லையில் இருந்தேன். லாசர் வந்தார். வாசலில் நின்றார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். இருபது அடி திரும்பி நடந்து, என் சைக்கிள் ஹேண்டில்பாரில் அதை மாட்டிவிட்டு, மறுபடி வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. ரோஜாவும் வெள்ளையுமாகப் பதினோரு சட்டைகள்.

"என் துணிக்கும் கலர் போட்டுக் குடுங்க சார்," என்றார். பந்தயத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் பந்தயத்துக்காகச் சொன்ன மாதிரி இல்லை.

துரை கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "வெரி குட் சார். ஆஸ்பத்திரி மஞ்சள் இருக்கு, பிரியாணிக் கலர் இருக்கு, தாம்பூலம் இருக்கு."

"நேத்து உங்க பசங்க போட்டிருந்தாங்களே, அந்தக் கருப்பு?"

"அது கல்லறைக் கருப்பு. அது என்னுது இல்ல," என்று துரை என் பக்கம் கையைக் காட்டினார். "செகரட்ரி சார் கண்டுபுடிச்சது. அவர்கிட்ட பர்மிஷன் கேளுங்க."

லாண்டரி லாசர் என் பக்கம் திரும்பி, நிஜமாகவே பர்மிஷன் கேட்டார். நானும் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் ஆபீஸில் எத்தனையோ வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். என் தப்பை எடுத்து எனக்கே மாலையாகப் போட்ட ஒரு மேலதிகாரியை நான் பார்த்ததில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் மாதுளம்பழத்தைக் கையால்தான் உரிக்கிறோம். தோலை நான் தனியாக ஒரு தட்டில் எடுத்து வைக்கிறேன். வாங்கிக்கொண்டு போக யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். தெருவில் எறியத்தான் கை வரவில்லை.